வரிக்கல்லும் வீட்டுப் புகையும்

தமிழில் 'சுடுதல்' என்பது ஒரு வேடிக்கையான சொல். தோசையையும் சுடுகிறோம், அப்பளத்தையும் சுடுகிறோம், குயவர் பானையைச் சுடுகிறார். முதலாவதற்கு இரும்புக் கல் வேண்டும். இரண்டாவதற்குத் தணல் வேண்டும். மூன்றாவதற்கோ சூளையே வேண்டும். அவித்தல், வதக்கல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல் என்று சமையற் கட்டின் மற்றக் காரியங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் கண்ட நம் முன்னோர், இங்கே மட்டும் ஏன் சிக்கனம் பிடித்தார்கள் என்று வகுப்பில் இலக்கணப் பாடம் நடத்தும்போது நான் யோசித்ததுண்டு. இம்மூன்றிலும் உலர்ந்த வெப்பம் பொருளை நேரே போய்த் தொடுகிறது. தொட்ட இடம் நிறம் மாறுகிறது. அந்த ஒற்றுமையைக் கண்டே ஒரு சொல் போதும் என்று விட்டார்கள் போலும்.

ஆங்கிலம் பேசுவோர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் குழப்பக்காரர்கள். 'கிரில்' என்றால் இங்கிலாந்தில் மேலிருந்து வெப்பம் இறங்கும் அடுப்பு. அமெரிக்காவில் கீழே நெருப்பு எரியும் கம்பித் தட்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது சாமான் ஒன்று 'கிரில் பான்' என்ற பெயருடன் நமது பாத்திரக் கடைகளில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் அடி தட்டையாக இராது. உழுத வயலில் மேடும் சாலும் மாறி மாறி வருவதுபோல வரி வரியாக எழும்பியிருக்கும். மேட்டின்மேல் வைத்த பதார்த்தத்தில் கறுப்புக் கோடுகள் விழும். உருகும் கொழுப்பும் கசியும் சாறும் சாலில் இறங்கும். பத்து அங்குல அகலமுள்ள வார்ப்பிரும்புச் சட்டி ஏறக்குறைய இரண்டரை கிலோ கனக்கும். தோசை சுடும் இரும்பைக் 'கல்' என்று அழைக்கும் உரிமை நமக்கு இருப்பதால், இதை 'வரிக்கல்' என்றே இக்கட்டுரையில் அழைக்கப் போகிறேன்.

இதன்மேல் இவ்வளவு மோகம் பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விறகடுப்புக் காலத்தில் சமையல் முடிந்த பின்னும் அடுப்பில் தணல் மிஞ்சியிருக்கும். அதில் கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு பண்ணினார்கள், சோளக் கதிரை வாட்டினார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலுக்குள் செருகிவிட்டுச் சாவகாசமாக எடுத்தார்கள், கருவாட்டைச் சுட்டார்கள். எரிவாயு அடுப்பு வந்தது, தணல் போயிற்று. தணல் போனதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை; அது இருந்த காலத்தில் அடுப்படியில் விட்ட கண்ணீரே போதும். ஆனால் நாக்குக்கு நியாயம் தெரியாது. ஓட்டலில் தணலில் சுட்டதைத் தின்றுவிட்டு வந்து, ஐந்தாவது மாடியில் இருக்கும் பத்தடிச் சமையலறையிலும் அதே ருசி வேண்டும் என்கிறது.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டிருக்கிறார்கள். கரி மூட்டும் தகர அடுப்பு ஒன்றை வாங்கித் தாழ்வாரத்தில் வைக்கிறார்கள். மழை வந்தால் அப்படியே கூடத்துக்குள் நகர்த்திக் கதவைச் சாத்துகிறார்கள். இதைவிட அபாயமான காரியம் வேறில்லை. காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிக் கரி செக்கச் செவேலென்று கனியும்போது, இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கிறோம். விஷவாயு அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். கரி அடுப்புக்கு வீட்டினுள் ஒருபோதும் இடமில்லை. வீட்டுக்குள் சுட வேண்டுமானால் வரிக்கல் போன்ற சாதனங்கள்தாம் கதி.

கதி என்று சொன்னதால் அது தணலின் ருசியைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. சுட்ட பண்டத்தின் மணத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, பண்டம் தானே சிவப்பதால் வருவது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஆகவே ஈரம் இருக்கும் வரையில் பண்டம் வேகுமே தவிரச் சிவக்காது. மேற்பரப்பு உலர்ந்து, வெப்பம் சுமார் 140 டிகிரியைத் தாண்டியதும், அதிலுள்ள புரதச் சத்தும் சர்க்கரைச் சத்தும் கூடி நூற்றுக்கணக்கான புதிய மணப் பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-ல் இதைப் பற்றி முதலில் எழுதிய பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி லூயி காமில் மையாரின் பெயராலேயே இந்த மாறுதல் வழங்குகிறது. தோசையின் முறுகல், ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக் கொட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் மணம் தருவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் பங்கை வரிக்கல் தாராளமாகத் தரும்.

இன்னொரு பங்கு புகையால் வருவது. தணலின்மேல் கொழுப்பும் சாறும் சொட்டுகின்றன; சொட்டியது எரிந்து, ஆவியாய் மேலெழுந்து, திரும்பவும் பண்டத்தின்மேல் படிகிறது. வரிக்கல்லில் தணலும் இல்லை, சொட்டுவதற்கு இடமும் இல்லை. சாலில் இறங்கிய கொழுப்பு அங்கேயே கிடந்து கருகும். அந்தப் புகை பண்டத்துக்கு மணம் ஊட்டுவது சொற்பம். கூடத்துத் திரைச்சீலைக்கும் அடுப்படியில் நிற்பவரின் நெஞ்சுக்கும் போய்ச் சேருவதுதான் அதிகம்.

விளம்பரங்களில் இன்னொரு பழைய கதையும் அடிபடுகிறது. கொதிக்கும் இரும்பு பட்டவுடன் இறைச்சியின் மேற்புறம் 'மூடிக்கொண்டு' சாற்றை உள்ளே சிறைவைத்து விடுமாம். 1847-ல் இந்தக் கொள்கையைப் பிரபலமாக்கியவர் லீபிக் என்ற ஜெர்மானிய அறிஞர். பயிர்களுக்கு ரஸாயன உரம் பற்றி உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த மேதைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிற்காலப் பரிசோதனைகள் அவரைப் பொய்யாக்கிவிட்டன. பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே இதைக் கண்டுகொள்ளலாம். சட்டியில் 'சுர்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? சாறு வெளியே வந்து ஆவியாகும் சத்தம் அது. கதவு மூடியிருந்தால் ஏது சத்தம்?

சரி, அந்த வரிகளால் என்ன லாபம்? இதில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடு தொட்ட இடம் மட்டுமே நன்றாகச் சிவக்கிறது. நடுவே உள்ள இடம் வெறும் வெப்பக் காற்றில் வெந்து வெளிறிக் கிடக்கிறது. முறுகலான சிவப்புத்தான் வேண்டுமென்றால் தட்டையான தோசைக்கல்லே மேல். கோடுகள் பார்வைக்கு லட்சணமாக இருக்கின்றன. விருந்தாளிக்குப் பரிமாறும்போது அதுவும் ஒரு மதிப்புத்தான். மற்றபடி உண்மையான லாபம் சால்களில் இருக்கிறது. கத்தரிக்காய், பூசணி, மீன் போன்ற நீர் விடும் பண்டங்கள் தட்டைக் கல்லில் தம் நீரிலேயே நின்று வெந்துவிடுகின்றன. வரிக்கல்லில் நீரும் நெய்யும் கீழே வடிகின்றன. ஆவி பக்கவாட்டில் தப்பி ஓடுகிறது. பண்டம் குழையாமல் நிற்கிறது. எண்ணெயும் குறைவாகச் செல்கிறது. இவ்வளவே லாபம். இதற்காகக் கொடுக்கும் விலை கடைக்காரரின் பில்லோடு முடிந்துவிடுவதில்லை.

நம் நாட்டில் சமையற் புகை பற்றிய கவலை புதிதல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று ஒரு சிறு புத்தகமே எழுதினார். அது 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கு மேல் கழிந்து, 2016-ல்தான் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலாத் திட்டம் தொடங்கிற்று. விறகும் வறட்டியும் மண்ணெண்ணெயும் எரிந்து வீட்டுக்குள் பரவும் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தொட்டிலை அடுப்படிக்குப் பக்கத்தில் கட்டும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே!

நம் வீட்டில்தான் விறகே இல்லையே, இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். புகை அடுப்பிலிருந்து மட்டும் வருவதில்லை; சட்டியிலிருந்தும் வருகிறது. புகை பிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் வருவது ஏன் என்று சீனத்திலும் தைவானிலும் ஆராய்ந்தவர்கள், கடுஞ்சூட்டில் காய்ந்த எண்ணெயின் ஆவியைச் சந்தேகித்தார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2010-ல் வெளியிட்ட தொகுதியில், மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியை 'அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது' என்ற வகுப்பில் சேர்த்தது. தென் கொரியாவில் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் உழைத்து நுரையீரற் புற்றுநோயால் மாண்ட ஒரு பெண்ணின் நோய், தொழிலால் வந்ததே என்று 2021-ல் அந்நாட்டுத் தொழிலாளர் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. மாதத்துக்கு இரண்டு முறை வரிக்கல் ஏற்றும் வீட்டையும், நாள்தோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொட்டிய அந்தச் சமையற்கூடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வைத்து யாரையும் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ருசி கேட்பவர் கூடத்தில் மின்விசிறியின் கீழே அமர்ந்திருக்கிறார். புகையை விழுங்குபவர் உள்ளே இருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் இந்த இருவரும் ஒருவரல்ல. "இன்னும் கொஞ்சம் கருகலாக இருந்தால் நன்றாயிருக்கும்" என்று உத்தரவு போடும் கனவான்கள், அந்த ஒரு நாளாவது தாங்களே அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

சுடுவதையே தொழிலாகக் கொண்ட தேசத்தார் புகையை முதலில் கட்டிவிட்டுத்தான் நெருப்பைத் தொடுகிறார்கள். கொரியர்களின் உணவு விடுதிகளில் அநேகமாக ஒவ்வொரு மேஜைக்கு மேலும் யானைத் தும்பிக்கை போல ஒரு புகைக் குழாய் தொங்கும். ஜப்பானிய வீடுகளின் எரிவாயு அடுப்பில் மீன் சுடுவதற்கென்றே மேஜை இழுப்பறை போன்ற சிறிய அறை ஒன்று அமைந்திருக்கும். நமது சமையலறைகளிலோ, புகை போக்கும் விசிறி விருந்தாளியைப் போல ஏதோ ஒரு சமயம்தான் சுழலுகிறது. வரிக்கல்லை ஏற்றுமுன்பே அதைச் சுழல விட வேண்டும். எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்றையும் திறந்து வைக்க வேண்டும். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் வெளியே போக எப்படி முடியும்? அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் விசிறி ஓடட்டும். மேலே புகைக் கூண்டு உள்ளவர்கள், முன் அடுப்பை விட்டுச் சுவரோரம் இருக்கும் அடுப்பில் சுட்டால் புகை நன்றாக அகப்படும். குழாய் வைத்து வெளியே தள்ளாமல், உறிஞ்சிய காற்றை வடிகட்டி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும் கூண்டுகளும் விற்கிறார்கள். அவை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும்; அடுப்புச் சுவாலையில் பிறக்கும் நைட்ரஜன் வாயுக்களை வெளியேற்ற மாட்டா.

புகையை வெளியேற்றுவதைவிட உண்டாக்காமலிருப்பது மேல் அல்லவா? அதற்கு ஒரே ஒரு ரகசியம் உண்டு: எண்ணெயைக் கல்லில் ஊற்றாதீர்கள்; பண்டத்தில் தடவுங்கள். சாலில் தேங்கிய எண்ணெய்க்குக் கருகுவதைத் தவிர வேறு வேலையில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் சுமார் 180 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். வெண்ணெய் அதற்கும் முன்னால். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரையில் பொறுக்கும். நன்றாகக் காய்ச்சிய நெய் 250 வரையிலும். நெய்யைக் காய்ச்சும்போது பாற்சத்தெல்லாம் கசண்டாகப் பிரிந்துவிடுவதால் அதற்கு இந்தப் பொறுமை. நம் பாட்டிமார் டிகிரிக் கணக்கு அறியாமலே இதை அறிந்திருந்தார்கள்.

கல்லைச் சூடேற்றுவதிலும் அவசரம் கூடாது. வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு மந்த புத்தி உள்ளது. அலுமினியம் அதைவிட நாலைந்து மடங்கு சுறுசுறுப்பு. பெருஞ்சுவாலை வைத்தால் நடு மட்டும் கனன்று ஓரம் குளிர்ந்திருக்கும். நடுத்தரச் சுவாலையில் ஐந்தாறு நிமிஷம் காய விடுங்கள். பிறகு தோசைக்கல்லுக்குச் செய்வது போலவே நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். சுரீரென்று மறைந்தால் பதம். முத்துப் போல் உருண்டு ஓடினால் அது அதிகச் சூடு. துளியின் அடியில் ஓர் ஆவிப் படுகை உண்டாகி அதைத் தாங்குகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1756-ல் இந்த அதிசயத்தை விவரித்து எழுதினார். கல்லிலேயே புகை கிளம்புகிறதென்றால், இறக்கி வைத்துச் சற்று ஆற விடுவதுதான் வழி.

பண்டத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு இடுங்கள். இட்ட பிறகு கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். சிவந்தால் அதுவே கல்லை விட்டுக் கிளம்பும். அதற்குமுன் பெயர்த்தால் பாதி கல்லோடு போகும். மூடி போடக் கூடாது. போட்டால் ஆவியில் அவிந்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் கனமான எதுவும் இதில் ஒழுங்காக வேகாது. பெரிய கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி வைத்துத் துடைத்து, இரு புறமும் எண்ணெய் தடவிப் பக்கத்துக்கு நாலு நிமிஷம் சுட்டால் வெண்ணெய் போல் ஆகும். புளியும் மிளகாயும் அரைத்த விழுதை இறக்கிய பின்பே தடவ வேண்டும்; இரும்புக்கும் புளிக்கும் ஜன்மப் பகை. வெல்லமோ தேனோ சேர்ந்த பூச்சும் அப்படியே, கருகிப் புகையும். குடமிளகாய், வெங்காய வட்டங்கள், பன்னீர், நேந்திரம்பழம் எல்லாம் நன்றாக வரும். சேனையும் வாழைக்காயும் முக்கால் வேக்காடு வெந்தபின் வர வேண்டும். ஆனால் கொத்சுக்குச் சுடும் முழுக் கத்தரிக்காயையும் சோளக் கதிரையும் இதில் போடுவது வீண். உருண்டைப் பண்டத்தை மேடு எத்தனை இடத்தில் தொட முடியும்? அவற்றை எரிவாயுச் சுவாலையில் நேரே காட்டுவதே மேல்.

மீனில் வஞ்சிரத் துண்டு இதற்கென்றே பிறந்தது. மத்தி ருசியானதுதான்; ஆனால் அதன் கொழுப்புப் புகைவதைப் பார்த்தால், மாடி முழுவதற்கும் அழைப்பு அனுப்பியது போலாகிவிடும். கோழியை எலும்பு நீக்கி மெல்லியதாகத் தட்டிச் சுடலாம். வெளியே கோடு கறுத்துவிட்டது என்பதால் உள்ளே வெந்துவிட்டதாக நம்பக் கூடாது. கோழியின் நடுப் பாகம் 74 டிகிரி எட்ட வேண்டும் என்பது அமெரிக்க விவசாய இலாகாவின் விதி. ஆட்டிறைச்சியைப் பப்பாளிக் காய் விழுதில் ஊற வைத்தால் இளகும். நெடுநேரம் ஊற விட்டால் மாவாகும்.

வாங்கும்போது ஒரு வார்த்தை. 'ஒட்டாத' பூச்சுப் பூசிய வரிக்கல் இலேசானது, கழுவச் சுலபமானது. அந்தப் பூச்சு 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க ரஸாயனி தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். 260 டிகிரியைத் தாண்டினால் அது கெடத் தொடங்கும். இன்னும் மிஞ்சினால் வெளிவரும் ஆவி கூண்டுக் கிளியைக் கொன்றுவிடும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் சில நிமிஷம் வைத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். காய வைத்துச் சுடுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு பாத்திரத்துக்கு இந்தப் பூச்சு பொருத்தமானதென்று எனக்குத் தோன்றவில்லை. இரும்பே நல்லது. ஆனால் இரும்பில் சுட்டால் ரத்தச் சோகை தீரும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக் கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள நம் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச் சோகை. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு நெடுநேரம் கொதித்தால் கொஞ்சம் இரும்பு இறங்கும். மேடு தொட்டு எட்டு நிமிஷத்தில் எடுக்கும் கத்தரிக்காயில் எவ்வளவு இறங்கிவிடப் போகிறது?

புதுக் கல்லை எப்படிப் பழக்குவது என்று தோசைக்கல் பழக்கிய வீட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ ஊற வைத்துத் தேய்த்து, காய வைத்து, எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடேற்றி, மறுபடி பூசி, மறுபடி சூடேற்ற வேண்டும். எண்ணெய் இறுகிக் கெட்டியான ஒரு தோலாகிவிடும். இதில் தொல்லை கழுவுவதில்தான். சால்களுக்குள் ஒட்டிய கரியைக் கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுடுநீர் விட்டுத் தேங்காய் நாரால் சாலோடு சாலாகத் தேய்க்க வேண்டும். செம்புப் பாத்திரம் துலக்குகிற ஞாபகத்தில் புளியைத் தொட்டுவிட்டால் பழக்கிய தோல் அத்தனையும் போச்சு. கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மிச்சம் விட்ட கரி அடுத்த முறை முதற் புகையாக எழும்பும்.

கழுவ எடுத்துப் போகுமுன் ஒரு லாபம் பாக்கி இருக்கிறது. அடுப்பை அணைத்த பின்னும் இந்தக் கனத்த இரும்பு பல நிமிஷம் சூட்டை விடாது. அந்தச் சூட்டிலேயே அன்னாசிப் பழத்தை வட்ட வட்டமாக அரிந்து பரப்பி, மிளகுப் பொடி தூவி விடுங்கள். எண்ணெய் வேண்டாம், எரிவாயு வேண்டாம். சாப்பாடு முடிந்து வருவதற்குள் இளஞ்சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.